கேள்வியும் குறிப்பும்: செம்பவாங் தொழிலாளர் கல்வி வரலாற்றில் ஒரு பகுதி

திருக்குறளின் பொருட்பாலில் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளமை தமிழாசிரியர் யாவரும் அறிந்ததே. கல்லாமையை அடுத்துக் கேள்வியை வைத்த வைப்புமுறையில் ஒரு நுட்பம் உண்டு. ஏட்டைத் தொட வாய்ப்பில்லாதவனுக்கும் செவி என்னும் வாயில் திறந்தே இருக்கிறது என்பது அதனால் பெறப்படும். தமிழர்தம் கல்வி மரபு நெடுங்காலம் செவிவழி மரபாகவே இருந்தது. ஆசான் சொல்ல, மாணாக்கன் கேட்டு, நெஞ்சிற் பதித்துக்கொள்வதே பாடம் கேட்டல் எனப்பட்டது.

இம்முறைக்கு இலக்கணம் வகுத்த நன்னூலார், ஆசானிடம் கேட்பதனால் மட்டும் கல்வி நிறைவுறும் என்று கருதினாரல்லர். ஆசான் உரைத்ததை எவ்வளவு செம்மையாகக் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது கால் பங்கே. உடன் பயில்வாரோடு கலந்து பயில்வதால் இன்னொரு கால் பங்கு சேரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் கைவரும் என்று அவர் கணக்கிடுகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த ஒரு நூலில் இத்துணைத் தெளிவான கணக்கு இருப்பது வியப்பன்று. அக்கணக்கில் எழுதுதல் என்பதற்கு ஒரு மாகாணிப் பங்குகூட ஒதுக்கப்படாமையே ஈண்டு நோக்கத்தக்கது. கேட்கும்போதே எழுதிக்கொள்க என்று நன்னூல் கூறவில்லை. கூறியிருந்தாலும் மாணாக்கனால் அது இயலாது.

ஏன் இயலாது? எழுதுபொருளே காரணம். பனையோலையை இடக்கையில் ஏந்தி, வலக்கையில் இரும்பு எழுத்தாணி பிடித்துக் கீறி, பின்னர் மை தடவித் துலங்கச் செய்வது பொறுமையான பணி. புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடாமலே எழுதினர். காலும் ரகரமும் ஒரே வடிவில் நின்றன. குறில் எகர ஒகரங்களையும் நெடில் ஏகார ஓகாரங்களையும் இடம் நோக்கியே பிரித்தறிய வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் (1680 – 1747) அக்குழப்பத்தை நீக்க முற்பட்டது பிற்கால நிகழ்ச்சி. இத்தகைய எழுத்து, முன்பே மனத்தில் இருப்பதை நினைவூட்டப் பயன்படுமேயன்றி, புதிதாய்க் கேட்பதை ஓட்டமாகப் பிடித்துவைக்கப் பயன்படாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815 – 1876) பாடல்களைத் தடையின்றிச் சொல்லிக்கொண்டே போக, அவருடைய மாணாக்கர் ஏட்டில் எழுதினர் என்பதை உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் விரித்துரைக்கிறார். அஃது அரிய பயிற்சி. அவ்வாறு எழுத வல்லார் ஒரு சிலரே. மேலும், அவர்கள் எழுதியது ஆசானின் சொல். தம் குறிப்பு அன்று. சாமிநாதையரே பின்னாளில் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கும் பொருட்டு (1887) மேற்கோள்களையும் அருஞ்சொற்களையும் தனித்தனியே எழுதித் தொகுத்தாரே, அதுதான் குறிப்பெடுத்தல். வித்துவானின் ஏட்டுப் பயிற்சிக்கும் பதிப்பாசிரியரின் குறிப்பேட்டுக்கும் இடையே தமிழ்க் கல்வி ஒரு நீண்ட தொலைவு நடந்திருக்கிறது.

புலவர் குழாத்திற்கு வெளியே, கணக்கர் உலகில் மட்டும் சுருக்கி எழுதும் கலை என்றோ வளர்ந்துவிட்டது. நாள் என்பதற்கு ௳, மாதத்திற்கு ௴, ஆண்டிற்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று ஒற்றைக் கீற்றில் எழுதப்பட்ட குறிகளை இன்றைய மாணவர் பழைய பத்திரங்களிற் காணலாம். திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடியோடு எண்சுவடியும் நெல்லிலக்கமும் பொன்னிலக்கமும் பயின்ற சிறுவர்கள் இக்குறிகளையும் கூடவே அறிந்தனர். புலமைக் கல்வி இவற்றைக் கணக்குப்பிள்ளைகளின் கைச்சரக்கு என்று ஒதுக்கிவைத்தது. அது பெரும் இழப்பு. மனப்பாடம் ஒருபுறமும் கணக்குச் சிட்டை மறுபுறமுமாகப் பிரிந்து நின்றமையால், கேட்ட கருத்தைச் சுருக்கி எழுதும் நடுவழி ஒன்று தமிழ் வகுப்பறையில் தோன்றவே இல்லை.

இம்மரபைச் சுமந்துகொண்டே தமிழ்த் தொழிலாளர் சிங்கப்பூரின் வட கரையை அடைந்தனர்.

செம்பவாங் என்பது ஒரு மரத்தின் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வட்டாரம் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்ததாயிருந்தது. தோட்டம் இருந்த இடத்தில் தமிழரும் இருந்தனர். 1923ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு அங்கே கடற்படைத் தளம் அமைக்கும் முடிவை எடுத்தது. 1928ஆம் ஆண்டில் ஐம்பதாயிரம் டன் எடையைத் தாங்கவல்ல மிதவைத் துறை இங்கிலாந்திலிருந்து இழுத்துக் கொண்டுவரப்பட்டது. 1938 பிப்ரவரி 14ஆம் நாள் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான உலர்துறை திறக்கப்பட்டது. ஆயிரம் அடி நீளமுடைய அத்துறையிலும் அதனைச் சூழ்ந்த பட்டறைகளிலும் பண்டகசாலைகளிலும் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய் வேலை செய்தனர். தளத்தின் உட்சாலைகளுக்குக் கனடா, வெலிங்டன், மாண்ட்ரியல் என்று பேரரசின் ஊர்ப்பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. வாயிலுக்கு வெளியே சோங் பாங் கிராமத்தில் கடைகளும் கோயிலும் படக்கொட்டகையுமாக வேறொரு வாழ்க்கை நடந்தது.

தளத்தில் வேலை செய்தவர்களின் கல்வி நிலை பலதரப்பட்டது. எழுத்தர், பண்டகசாலைக் கணக்கர் முதலியோர் ஆங்கிலம் கற்றவர். கூலியாட்கள் பலர் எழுத்தறியாதவர். இவ்விரு சாராருக்கும் இடையே ஒரு பெருங்கூட்டம் இருந்தது. ஊரில் மூன்றாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்தவர். தமிழ் முரசைத் தடுமாறாமல் படிப்பவர். வீட்டுக்குக் கடிதம் எழுதுபவர். ஆயினும், ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நான்கு வரி எழுதுக என்றால் கை நடுங்குபவர். முதியோர் கல்வியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எழுத்தறியாதவரைப் பற்றியே எழுதுகின்றனர். வரலாற்றில் மிகுதியாக மறக்கப்பட்டவர் இந்த இடைப்பட்ட கூட்டத்தினரே. (முதியோர் என்னும் சொல்லும் பொருந்தியதன்று. இருபத்தைந்து வயது இளைஞன் இரவு வகுப்புக்கு வந்தால் அவனை முதியவன் என்று பதிவேட்டில் எழுதுவது எவ்வாறு தகும்? ஆயினும் அச்சொல்லே நிலைத்துவிட்டது.)

இவர்களுக்குக் குறிப்பெடுக்கும் தேவையை முதலில் உணர்த்தியது பள்ளிக்கூடம் அன்று, சங்கமே. போருக்குப்பின் தொழிற்சங்கங்கள் பெருகின. கடற்படைத் தளத் தொழிலாளரும் சங்கமாகத் திரண்டு 1952ஆம் ஆண்டின் இறுதியில் வேலைநிறுத்தம் செய்தனர். பதிவு பெற்ற சங்கம் என்றால் கணக்கும் கூட்ட நடவடிக்கையும் எழுதிவைக்க வேண்டும். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், என்ன முடிவாயிற்று என்பதை ஒருவர் எழுதியாக வேண்டும். கூட்டத்தில் பேசப்படுவது பேச்சுத் தமிழ். குறிப்பேட்டில் எழுதவேண்டுவதாகக் கருதப்பட்டது செந்தமிழ். பேசியதை மனத்துக்குள் இலக்கணத் தமிழாக மாற்றி எழுதுவதற்குள் அடுத்த இருவர் பேசி முடித்திருப்பர். எழுத வல்லவர் ஒருவரிடமே ஆண்டுதோறும் செயலாளர் பொறுப்பு போய்ச் சேர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். எழுதுகோல் யார் கையில் இருந்ததோ, முடிவின் சொல்வடிவமும் அவர் கையிலேயே இருந்தது.

தன்னாட்சி பெற்ற மறு ஆண்டில், அஃதாவது 1960 ஏப்ரல் முதல் நாள், முதியோர் கல்வி வாரியம் அமைந்தது. பகலில் சிறார் பயின்ற கட்டடங்களில் மாலையில் பெரியவர் அமர்ந்தனர். தேசிய மொழியாகிய மலாய் வகுப்புகளுக்கு மக்கள் திரண்டனர். ஆங்கில வகுப்பு, பொதுத்தேர்வு வகுப்பு, தொழில் வகுப்பு எனப் பலவும் நடந்தன. எட்டு மணி நேரம் இரும்போடு போராடிய உடல், சிறுவர்க்கென்று செய்த பலகையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கற்ற காலம் அது.

அவ்வகுப்புகளில் ஆசிரியர்கள் கையாண்ட முறை அவர்கள் தாம் கற்ற முறையே. அதனைக் குறை கூறுவதில் பயனில்லை; ஆனால் விளங்கிக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பள்ளியில் குறிப்பு என்பது எடுக்கப்படும் பொருளன்று, கொடுக்கப்படும் பொருள். ஆசிரியர் குறிப்புக் கொடுத்தார் என்பதே வழக்கு. கரும்பலகையில் எழுதியதைப் படியெடுப்பதும், சொல்வதெழுதுதலாக வாய்பாட்டு வேகத்தில் சொல்வதை அப்படியே எழுதுவதுமே மாணவர் பணி. தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். திருச்சிராப்பள்ளிப் பேராசிரியர் ஐயம்பெருமாள் கோனாரின் உரைநூல், பழனியப்பா பிரதர்ஸ் வெளியீடாக வீடுதோறும் புகுந்து, கோனார் நோட்ஸ் என்னும் பெயர் ஒரு பொதுச் சொல்லாகவே ஆகிவிட்டது. அந்நூலின் தெளிவை யாரும் மறுக்கமாட்டார். ஆனால் நோட்ஸ் என்பது கடையில் வாங்கும் பொருள் என்னும் எண்ணம் ஒரு தலைமுறையின் மனத்தில் ஊன்றிவிட்டது.

சிறுவனுக்கு இம்முறையால் நேரும் கேடு சிறிது; அவனுக்கு மறுநாளும் வகுப்பு உண்டு. தொழிலாளிக்கு அவ்வாறில்லை. மேற்பார்வையாளர் இயந்திரத்தின் அருகில் நின்று ஒரு முறை சொல்லுவார். கரும்பலகையும் இல்லை, வாய்பாட்டு வேகமும் இல்லை. கொடுக்கப்பட்ட குறிப்பை எழுதிப் பழகியவன் அங்கே வெறுங்கையோடு நிற்கிறான்.

இந்நிலையின் கொடுமை 1968ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியில், 1971ஆம் ஆண்டுக்குள் படைகளைத் திரும்பப் பெறுவதாக பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத்தளங்களைச் சார்ந்திருந்தது எனக் கணக்கிடப்பட்டது. செம்பவாங் வட்டாரத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் அடுப்பையும் தொட்ட செய்தி அது. அவ்வாண்டிலேயே செம்பவாங் கப்பல் பட்டறை நிறுவனம் உருவாயிற்று. டிசம்பர் மாதத்தில் கடற்படைப் பட்டறை அதன் பொறுப்புக்கு வந்தது. போர்க்கப்பல் பழுதுபார்த்த கைகள் வணிகக் கப்பல் பழுதுபார்க்கக் கற்க வேண்டியிருந்தது. வேலை இழந்தோருக்காக மறுபயிற்சி வகுப்புகள் விரைந்து ஏற்பாடு செய்யப்பட்டன. கல்வி அமைச்சில் தொழில்நுட்பக் கல்விக்கெனத் தனித் துறை அமைந்ததும் அவ்வாண்டிலேதான். சில வாரங்களிலோ மாதங்களிலோ முடியும் பயிற்சி, ஆங்கிலத்தில் விளக்கம், முடிவில் தேர்வு. இருபது ஆண்டு பற்றவைப்பு வேலை செய்தவனுக்குக் கைத்தேர்வு அச்சமூட்டவில்லை. சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டுபோய் வீட்டில் படித்து மறுவாரம் எழுதவேண்டிய தேர்வே அச்சமூட்டியது.

கேட்டதை எழுதிவைக்க இயலாமையின் விலை வேலை மட்டுமன்று என்பதைப் பத்தாண்டு கழித்து நாடே உணர்ந்தது. 1978 அக்டோபர் 12ஆம் நாள் ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்த ஸ்பைரோஸ் என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. 76 பேர் மாண்டனர். எரிபொருள் தொட்டியில் சேர்ந்திருந்த ஆவி, வெட்டும் தீச்சுடரின் பொறி பட்டு வெடித்ததாக விசாரணை கண்டது. அவ்விபத்து, தொழிலாளி குறிப்பெடுக்காமையால் நேர்ந்தது என்று எவரும் கூறார். அவ்வாறு கூறுவது மாண்டவர்க்கு இழைக்கும் தீங்காகும். ஆயின், அதன்பின் கப்பல் பட்டறைகளில் பாதுகாப்பு விதிகள் இறுகின. பாதுகாப்புப் பயிற்சி பெருகிற்று. எந்தத் தொட்டி, எந்த அளவு, எந்தச் சீட்டு, யார் கையெழுத்து என்று காதில் விழும் ஒவ்வொரு செய்தியும் உயிரோடு தொடர்புடையதாயிற்று. குறிப்பெடுக்கக் கற்பித்தல் என்னும் பொருள், தேர்வு மதிப்பெண்ணைக் கடந்து வேறொரு தளத்திற்கு வந்துவிட்டது.

மேலைநாட்டிலும் இக்கலை வயதுவந்தோரை முன்னிட்டே ஒழுங்குபெற்றது. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் ராபின்சன் 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மேலோட்டமாக நோக்குதல், வினா எழுப்புதல், படித்தல், சொல்லிப்பார்த்தல், மீள்நோக்குதல் என ஐந்து படிகளை வகுத்தார். போர்க்காலத்தில் படைவீரர்க்குக் குறுகிய காலத்தில் கற்பிக்கவேண்டிய நெருக்கடி அதன் பின்னணியாயிருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் 1962ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில், தாளை இரு பத்திகளாகப் பிரித்து, அகன்ற வலப்பக்கத்தில் கேட்டதையும், குறுகிய இடப்பக்கத்தில் பிறகு எழுதும் வினாச் சொற்களையும், அடியில் இரண்டு மூன்று வரிச் சுருக்கத்தையும் அமைக்கும் முறையை விளக்கினார். வலப்பக்கத்தை மூடிக்கொண்டு இடப்பக்கச் சொல்லைப் பார்த்து விடை சொல்லிப் பழகுவதே அம்முறையின் உயிர். 1972ஆம் ஆண்டில் டி வெஸ்டா, கிரே என்னும் இருவர், குறிப்புக்கு இரண்டு பயன் உண்டு என்று பிரித்துக் காட்டினர். எழுதும்போதே மனம் பொருளைத் தனதாக்கிக்கொள்வது ஒன்று. பிறகு திருப்பிப் பார்க்கக் கிடைப்பது மற்றொன்று. கொடுக்கப்பட்ட குறிப்பில் இரண்டாவது பயன் மட்டுமே உண்டு என்பதை ஆசிரியர் இதனால் எளிதில் உணரலாம்.

இம்முறைகளை அப்படியே தமிழில் பெயர்த்துக் கற்பித்தால் போதுமா? போதாது. தமிழின் அமைப்பே இங்கு ஒரு தனிச் சிக்கலை எழுப்புகிறது. ஒரு பயிற்றுநர் பின்வருமாறு பேசுவதாகக் கொள்வோம்:

"கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் காற்றைக் கருவி வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். வழக்கமான காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு இருக்கும். அது 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டால் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் வேலை செய்யும்போது வாயிலில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். அவர் எக்காரணம் கொண்டும் அவ்விடத்தை விட்டு நகரக் கூடாது. உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்தால் வெளியே நிற்பவர் தாமும் குதித்துவிடாமல் உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும்."

சொல்வதெழுதுதலில் பழகியவர் முதல் வாக்கியத்தின் முதற்சொல்லிலிருந்து தொடங்குவார். கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் என்று அழகிய கையெழுத்தில் எழுதி முடிப்பதற்குள் பேச்சு இரண்டாம் வாக்கியத்தைக் கடந்திருக்கும். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் நிற்கிறது. செய்க என்பதும் செய்யற்க என்பதும், வேண்டும் என்பதும் கூடாது என்பதும் கடைசிச் சொல்லில்தான் தெரியவரும். ஆங்கிலத்தில் தடைச்சொல் முன்னால் வந்துவிடுகிறது. பின்தங்கி எழுதுபவனுக்கும் தடை கிடைத்துவிடும். தமிழில் பின்தங்கி எழுதுபவன் முதலில் இழப்பது தடைச்சொல்லையே. 19.5க்குக் கீழே யாரும் உள்ளே இறங்க என்பதோடு அவன் தாளில் வரி நின்றுவிட்டால், அந்தத் தாள் இல்லாதிருப்பதே நன்று.

ஆகவே தமிழில் குறிப்பெடுக்கக் கற்பிக்கும் ஆசிரியர் முதலில் செய்யவேண்டுவது, எழுதுகோலைக் கீழே வைக்கச் சொல்லுவதே. வாக்கியம் முடியும் வரை கேட்க வேண்டும். முடிவுச் சொல்லைப் பிடிக்க வேண்டும். பிறகு அம்முடிவிலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும். தடை என்றால் வரியின் முன்னே ஒரு பெருக்கற்குறி. கட்டளை என்றால் ஒரு சரிக்குறி. மேற்கண்ட பேச்சு, பழகிய கையில் இவ்வாறு ஆகும்:

டேங்க்:
✓ இறங்குமுன் காற்று டெஸ்ட்
ஆக்சி 21 சரி
✗ 19.5க்குக் கீழ் இறங்க
✓ வாசல் 1 ஆள். ✗ நகர
மயக்கம்: ✗ குதிக்க. ✓ கூப்பிடு

ஐம்பது சொல்லுக்கு மேற்பட்ட பேச்சு ஏறத்தாழ இருபது சொல்லிலும் சில குறிகளிலும் அடங்கிவிட்டது. ஆயினும் பொருளிற் குறையில்லை. இதனைக் கண்ணுறும் தமிழாசிரியர் சிலர் முகம் சுளிக்கலாம். தொட்டி டேங்க் ஆகிவிட்டதே, சோதனை டெஸ்ட் ஆகிவிட்டதே, வாயில் வாசலாயிற்றே, வாக்கியம் முடியவில்லையே என்று வருந்தலாம். குறிப்பு என்பது கட்டுரையன்று. அஃது எழுதியவன் தனக்கே எழுதிக்கொள்ளும் செய்தி. அவன் பேசும் மொழியில், அவன் பட்டறையில் வழங்கும் சொல்லில் இருந்தால்தான் நாளை படிக்கும்போது கணப்பொழுதில் நினைவுக்கு வரும். செந்தமிழ் எழுதப் பயிற்றும் வகுப்பு வேறு; அதற்குரிய இடத்தில் அதனைக் கண்டிப்போடு நடத்துக. குறிப்பேட்டைச் சிவப்பு மையால் திருத்துவது மட்டும் வேண்டாம். வளர்ந்த மனிதன் ஒருவன், தன் கையெழுத்தின் மேல் ஒருமுறை சிவப்பு மை விழுந்தால் மறுமுறை எழுதமாட்டான், வகுப்புக்கும் வரமாட்டான்.

எழுத்தைச் சுருக்குவதிலும் தமிழுக்கென ஒரு வழி உண்டு. உருபும் விகுதியும் சொல்லின் பின்னால் ஒட்டுவதால், சொல்லின் முற்பகுதியே பொருளைச் சுமக்கிறது. இறங்குவதற்கு முன்னால் என்பதை இறங்குமுன் என்று நறுக்கலாம். பாதுகாப்பு என்பதைப் பாது எனலாம். ஆங்கிலத்தில் உயிரெழுத்துகளை விடுத்து மெய்யெழுத்துகளை மட்டும் எழுதிச் சுருக்குவர். தமிழில் உயிர்மெய் ஒன்றாகவே இருப்பதால் அவ்வழி செல்லாது. பின்பகுதியை வெட்டுவதே இயல்பு. மேற்படி, ஆண்டு, மாதம் ஆகியவற்றுக்குக் கணக்கர் வைத்திருந்த பழங்குறிகளையும் மீட்டுப் பயன்படுத்தலாம். ௸ என்னும் ஒரு கீற்று ஒரு வரியையே மிச்சப்படுத்தும். கணினி எழுத்துருக்களிலும் அக்குறிகள் இன்று இடம்பெற்றுவிட்டன. வகுப்பறையில் மட்டும் அவற்றைக் காண்பது அரிது.

தொழிலாளியிடம் ஏற்கெனவே உள்ள திறமையை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். இரும்புத் தகட்டை வெட்டுமுன் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, எண்ணிட்டு, அம்புக்குறி போடுபவன் அவன். அது குறிப்பு அல்லாமல் வேறென்ன? குழாயின் போக்கை நான்கு கோட்டில் வரைந்துகாட்டுவான்; நான்கு வாக்கியத்தில் எழுதச் சொன்னால் திகைப்பான். தகட்டில் எழுதுபவனைத் தாளில் எழுதச் செய்வதே ஆசிரியரின் வேலை. முதல் வாரம் படமும் எண்ணும் மட்டும். அடுத்து ஒரு சொல். பிறகு சொற்றொடர் என்று படிப்படியாய்ப் போனால் அவனுக்குத் தன் வேலையே எழுத்தாகத் தோன்றும். பிரேசில் நாட்டில் பாவ்லோ பிரெய்ரே 1963ஆம் ஆண்டில் ஆங்கிக்கோஸ் என்னும் ஊரில் முந்நூறு தொழிலாளருக்கு ஏறத்தாழ நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவித்தபோது, அவர்கள் அன்றாடம் வழங்கிய சொற்களிலிருந்தே தொடங்கினார். 1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கமும், கல்குவாரிப் பெண்களின் வாழ்க்கையை ஒட்டியே பாடத்தை அமைத்து, மிதிவண்டி ஓட்டக் கற்பிப்பதையும் கல்வியோடு இணைத்தது. எழுத்தறிவித்தலுக்குச் சொன்னது குறிப்பெடுத்தலுக்கும் பொருந்தும்.

செம்பவாங்கின் கதைக்குத் திரும்பினால், 1979ஆம் ஆண்டில் முதியோர் கல்வி வாரியமும் தொழிற்பயிற்சிக் கழகமும் இணைந்து தொழில், தொழிற்பயிற்சிக் கழகம் ஆயின. 1983ஆம் ஆண்டில் தொழிலாளருக்கான அடிப்படை ஆங்கில, கணித வகுப்புத் திட்டம் தொடங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டில்தான் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டு, தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளின் வரலாறு முடிவுற்றது. தமிழில் படித்துத் தமிழில் சிந்தித்த ஒரு தலைமுறை, ஆங்கில வகுப்பில் அமர்ந்தது. ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் எழுதினால் மொழி பெயர்க்கும் வேலை கூடுகிறது. ஆங்கிலத்திலேயே எழுதினால் எழுத்துக்கூட்டில் கை நின்றுவிடுகிறது. ஆங்கிலக் கலைச்சொல்லைத் தமிழெழுத்தில் எழுதி, எஞ்சியதைப் பேச்சுத் தமிழில் எழுதுவதே இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி. இதனைக் கலப்பு என்று பழிப்பது எளிது. பெர்மிட் என்று தமிழெழுத்தில் எழுதியவன் மறுநாள் அச்சொல்லைச் சரியாக ஒலித்து மேலாளரிடம் கேட்கிறான் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சோங் பாங் கிராமம் 1980களில் மறைந்தது. அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1996ஆம் ஆண்டில் பெருவிரைவு இரயில் செம்பவாங்கிற்கு வந்தது. கடற்படைத் தளத்து ஓய்வூதியர்கள் குறைந்துகொண்டே வந்தனர். அவர்கள் நின்ற இடத்தில் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து வந்த இளைஞர்கள் வந்து நிற்கின்றனர். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் கால்வைக்குமுன் பாதுகாப்பு வகுப்பு ஒன்றில் அமர்ந்து தேர்வு எழுத வேண்டும் என்பது விதி. அவ்வகுப்பு தமிழிலும் நடத்தப்படுகிறது. முந்திய தலைமுறைக்குக் கிட்டாத வாய்ப்பு அது. 2016ஆம் ஆண்டு முதல் இருபத்தைந்து வயது நிறைந்த சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் பயிற்சிக்கென 500 வெள்ளி வரவு வைக்கப்பட்டதால், ஓட்டுநரும் காவலரும் சமையற்காரரும் மீண்டும் வகுப்பறைக்கு வந்தனர்.

இவர்களிடம் இன்று கைப்பேசி இருக்கிறது. பலகையில் எழுதியதைப் படம் பிடித்துக்கொள்கின்றனர். பழைய படியெடுத்தல் கண்ணாடி வழியாக நடக்கிறது. கொடுக்கப்பட்ட குறிப்பு என்னும் தன்மை மாறவில்லை. 2014ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இருவர், கணினியில் தட்டச்சு செய்தவரைவிடக் கையால் எழுதியவர் கருத்தை நன்கு பற்றினர் என்று கண்டனர். பின்னர் அவ்வாய்வை மீண்டும் செய்தவர்க்கு அத்துணைத் தெளிவான வேறுபாடு கிட்டவில்லை. கருவியைவிடச் சுருக்கும் செயலே முதன்மையானது என்று கொள்வது தவறாகாது.

வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், ஆசிரியர் குறிப்பேடுகளைப் பக்கத்திலிருப்பவரிடம் மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்திருப்பார். பிறகு, எழுதியவர் தம் ஆறு வரியை வைத்துக்கொண்டு, வகுப்புக்கு வராத தோழர் ஒருவருக்குச் சொல்லுவது போல எழுந்து நின்று சொல்ல வேண்டும். தங்குவிடுதியில் அன்றிரவு அவர் உண்மையாகவே அவ்வாறு சொல்ல நேரலாம். மறுநாள் காலையில் அத்தொட்டிக்குள் இறங்கப்போகிறவர் அத்தோழராகவும் இருக்கலாம்.